ஆடியது இரண்டு

நான் காசு வாங்கவில்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடம்கூட ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அவர் பாவம், சாத்தூர் எப்போது வரும் என்றுதான் கேட்டிருந்தார். காசு வாங்கவில்லை, கேமரா வாங்கினேன். வெள்ளி நிறத்தில், உள்ளங்கைக்குள் அடங்குகிற சின்ன டிஜிட்டல் கேமரா. அதை வாங்கிக்கொண்டு நான் எழுதிய ஒரு பதிவை நம்பி என் அக்கா தன் வலது கையைக் கெடுத்துக்கொண்டாள்.

அப்போது ஆளாளுக்கு பிளாக் எழுதிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் கவிதை எழுதினார்கள், மீதிப் பேர் அந்தக் கவிதைகளைத் திட்டி எழுதினார்கள். எனக்குக் கவிதை வராது. பட்டாசு தெரியும். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் லேபிள் வடிவமைப்பது என் வேலை. சாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். பட்டாசுப் பெட்டிக்கு மேலே நான் போடும் படத்துக்கும் பெட்டிக்குள் இருப்பதற்கும் சம்பந்தமே இருக்காது. படத்தில் வானம் முழுக்கப் பூ. உள்ளே இருப்பதைக் கொளுத்தினால் முழங்கால் உயரத்துக்கு ஓர் இருமல் இருமிவிட்டு அணைந்துபோகும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கோபத்தில்தான் பிளாக் ஆரம்பித்தேன். வாங்குகிறவனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

வேலை இப்படித்தான் நடக்கும். ஏதாவது ஒரு கடையில் என் சொந்தக் காசில் ஒரு பெட்டி வாங்குவேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் இறங்கி, பெட்டியில் இருக்கிற பத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். மறுநாள் அச்சகத்தில் வேலை முடிந்ததும் உட்கார்ந்து எழுதுவேன். பதிவின் கடைசியில் நான்கு வரி தவறாமல் இருக்கும். கொளுத்தியது இத்தனை, பூத்தது இத்தனை, புகைந்தது இத்தனை, ஆடியது இத்தனை.

இந்த ஆடியது என்பதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் புஸ்வாணம் என்பதை நாங்கள் பூச்சட்டி என்போம். அட்டையில் செய்த கூம்பு, உச்சியில் பற்றவைத்தால் மேலே பூவாகக் கொட்டும். எங்கள் அப்பா, அம்மா, அக்கா மூன்று பேருமே அச்சங்குளம் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஆலைக்குப் போகிற வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. பூச்சட்டியைக் கொளுத்துவதற்கு முன்னால் காதோரம் வைத்து இரண்டு தரம் ஆட்டிப் பார்ப்பார்கள். உள்ளே மருந்து இறுக்கமாக அடைபட்டிருந்தால் சத்தமே வராது. எங்கேயாவது இளகியிருந்தால் சீனி டப்பாவை ஆட்டியதுபோல் சரசரக்கும். அதைத்தான் ஆடுது என்பார்கள். ஆடுகிற பூச்சட்டியை நம்ப முடியாது. பூக்காமல் போனால் பரவாயில்லை, சில நேரம் வெடித்துவிடும். ஆடுவதையெல்லாம் வாளித் தண்ணீரில் அமுக்கிவிட்டு மீதியைத்தான் கொளுத்துவோம். இதை யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்வதில்லை. சோற்றில் கல் கிடந்தால் நாக்கு ஒதுக்குகிற மாதிரி கை அதுபாட்டுக்கு ஒதுக்கிவிடும்.

வெளியூரில் இருக்கிறவர்களுக்கு இது தெரியாது. பெட்டியை உடைத்ததும் கொளுத்துவார்கள். அதனால்தான் அந்த நான்காவது வரியை நான் எழுத ஆரம்பித்தேன். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பின்னூட்டம் போட்டார்கள். உங்கள் பதிவைப் பார்த்துவிட்டுத்தான் இந்த வருடம் வாங்கினோம் என்றார்கள். ஒரு கடைக்காரர் என்னை வழிமறித்து, "நீரு எழுதுனதுல எனக்கு யாவாரமே படுத்துப்போச்சு" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கத்தினார். பதிலுக்கு நான் பேசியதை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு வந்த பிறகு அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். நான் எழுதிய நான்கு வரிக்கு ஒரு மனிதர் நடுத்தெருவில் நின்று கத்துகிறார் என்றால் அது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை ஒளிக்க நான் முயற்சி செய்யவும் இல்லை.

என் முதல் வாசகி என் அக்கா. என்னைவிட நான்கு வயது மூத்தவள். கல்யாணமாகித் திருப்பூருக்குப் போய், ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். மச்சான் அங்கேயே கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை காய்கறி வாங்கப் போகிற வழியில் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்து, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு என் பதிவைப் படிப்பாள். பத்தாவது வரை படித்தவள். தமிழைத் தமிழில் தட்டத் தெரியாததால் ஆங்கில எழுத்தில் தட்டி ஒரு வரி பின்னூட்டம் போடுவாள். கீழே பேர் போடாமல் அக்கா என்று மட்டும் போடுவாள். கொஞ்ச நாளில் என் பிளாக்குக்கு வருகிற எல்லோரும், அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்கள்கூட, அவளை அக்கா என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

படித்து முடித்ததும் போன் வந்துவிடும்.

"ஏலே, மூணு ஆடுச்சுன்னு எழுதிருக்கியே, எவடா அத அடைச்சவ? நான் அங்கன இருந்தா விட்டிருப்பேனா?"

"நீதான் ஓடிப்போயிட்டேல்ல திருப்பூருக்கு."

"ஓடியா போனேன்? நீங்கதானலே லாரி ஏத்துன மாதிரி ஏத்தி அனுப்புனீக."

இப்படியே பேசிக்கொண்டிருப்போம். மச்சான் பக்கத்திலிருந்து, போன் பில்லை யார் கட்டுவது என்று கத்துகிற சத்தம் கேட்கும்.

அந்த வருடம் சீசனுக்கு முன்னால், எங்கள் அச்சகத்தில் லேபிள் அடிக்கும் ஒரு பட்டாசுக் கம்பெனியின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர்களுடைய புதுப் பூச்சட்டிக்கு நான்தான் பெட்டி வடிவமைத்திருந்தேன். கருநீலப் பெட்டி. நான் போட்டதிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். மேனேஜர் நல்ல மனிதர், இதையும் சொல்லிவிட வேண்டும். காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"ஒங்க பிளாக்க எங்க மொதலாளி மகன் படிக்கிறாப்ல தம்பி. இம்புட்டு நல்லா எழுதுதீக, படந்தான் ஒன்னும் தெளிவா இல்ல."

அது உண்மை. என் செல்போனில் எடுத்த படங்களில் பூச்சட்டியும் ஒன்றுதான், தெருவிளக்கும் ஒன்றுதான். மேஜை டிராயரைத் திறந்து அந்தக் கேமராவை எடுத்து என் முன்னால் வைத்தார். பக்கத்தில் கருநீலப் பெட்டி ஒன்றையும் வைத்தார்.

"பொய் எழுதச் சொல்லல தம்பி. அத நெனச்சுக்கிடாதீக. நல்லது இருந்தா எழுதுங்க. கொற இருந்தா எங்ககிட்டச் சொல்லுங்க, நாங்க சரி பண்ணிக்கிடுதோம். அம்புட்டுதான்."

இதில் என்ன தப்பு இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் அந்த வார்த்தைகளை எடுத்து வைத்துப் பார்த்தால் தப்பு எங்கே இருக்கிறது என்று உடனே கையை வைத்துச் சொல்ல முடியாது. கேமரா கொடுத்துவிட்டால் என் கண் மாறிவிடுமா என்று எனக்குள் வீறாப்பாகக் கேட்டுக்கொண்டேன். பஸ்ஸில் வரும்போது பத்துத் தடவை எடுத்துப் பார்த்தேன். ஜன்னல் வழியாகத் தெரிந்த ஆட்டுக்கிடையைப் படம் எடுத்தேன். முன்சீட்டுக்காரரின் வழுக்கையைப் படம் எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்குப் போனேன். பெட்டியை உடைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் காதோரம் ஆட்டினேன். நான்காவது சரசரத்தது. கை அதுபாட்டுக்கு அதை இடது பக்கம் வைத்தது. ஒன்பதாவதும் சரசரத்தது. அதையும் வைத்தேன். மீதி எட்டையும் கொளுத்தினேன். எட்டும் எப்படிப் பூத்தன தெரியுமா? முதலில் வெள்ளை, பிறகு பச்சை, கடைசியில் குங்குமச் சிவப்பு. ஆளுயரத்துக்கு மேலே எழுந்து அடங்கின. படம் ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி வந்திருந்தது. நான் வரைந்த லேபிளைவிட உள்ளே இருந்தது அழகாக இருந்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். ஒதுக்கிய இரண்டையும் வாளியில் அமுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஆக, கண் மாறவில்லை. கையும் மாறவில்லை. மறுநாள் எழுதும்போது ஒரு வரிதான் மாறியது. கொளுத்தியது எல்லாமே பூத்தது என்று எழுதினேன். அது பொய் இல்லை. அதற்குக் கீழே ஆடியது என்ற வரியைத் தட்டிவிட்டு, எண்ணைப் போடாமல் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த வரியை அழித்தேன். குறை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள் என்றுதானே சொன்னார் என்று மேனேஜருக்குப் போன் செய்தேன்.

"ரெண்டு ஆடுச்சா? அப்படியா? லோடு ஏத்தியாச்சே தம்பி. அடுத்த செட்டுல பாக்கச் சொல்லுதேன்."

கம்பெனிக்குச் சொல்லியாயிற்று, என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். படிக்கிறவர்களுக்குச் சொல்லவில்லை என்பது உறைக்கவே இல்லை என்று எழுதத்தான் ஆசை. உறைத்தது. உறைத்தும் பதிவை ஏற்றினேன். புதுக் கேமரா வாங்கியிருக்கிறேன் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். யார் கொடுத்தது என்று எழுதவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அக்காவின் போன் வந்தது. படங்களைப் பற்றிப் பேசிப் பேசி மாய்ந்துபோனாள். பிறகு கேட்டாள்.

"ஏலே, ஆடுனது எத்தனைன்னு எழுதலையே? மறந்துட்டியா?"

அவள் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் எனக்கு இருந்தது.

"எதுவுமே ஆடலக்கா. அதான் எழுதல."

"பத்துல ஒன்னுகூடவா? பரவால்லையே, நல்லாத்தான் அடைச்சிருக்காளுக."

உலகத்தில் யாரோ ஒருவனிடம் ஒரு வரியை மறைத்ததை எப்படியாவது எனக்கு நானே சமாதானம் சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன். இது அப்படி இல்லை. என் அக்கா என்னிடம் நேராகக் கேட்டாள். நான் நேராகப் பொய் சொன்னேன்.

அந்த வாரமே பேர் போடாத ஓர் அனானி வந்து பின்னூட்டம் போட்டான். எத்தனை ரூபாய் வாங்கினாய், அந்தக் கடைசி வரி எங்கே போயிற்று என்று கேட்டிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் எவனிடமும் காசு வாங்குகிறவன் இல்லை, என் கை சுத்தம், பேரைச் சொல்லக்கூடத் துணிச்சல் இல்லாதவனுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். உண்மையைச் சொல்கிறவனுக்கு அவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது. என் பதிலுக்குக் கீழே இரண்டு நாள் கழித்து ஆங்கில எழுத்தில் ஒரு வரி இருந்தது. என் தம்பி ஆட்டிப் பாக்காம எழுத மாட்டான். கீழே அக்கா. அதைப் பார்த்ததும் பதிவர்கள் பலபேர் வந்து, அக்காவே சொல்லிவிட்டார்கள், அப்புறம் என்ன என்று எழுதினார்கள். அனானி அதற்குப் பிறகு வரவில்லை.

தீபாவளி அன்று சாயங்காலம் மச்சான் போன் செய்தார். அக்காவுக்குக் கையில் வெடித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறோம், பயப்படாமல் வா என்றார். என்ன வெடித்தது என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. பஸ்ஸில் போகும்போது வழி நெடுக ஊர்களில் பூச்சட்டி எரிந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தேன். அரசு ஆஸ்பத்திரி வார்டில் அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் கட்டுப் போட்டு, ஒரு தலையணை மேல் தனியாக வைத்திருந்தது. அவளுடைய ஆறு வயது மகள் கால்மாட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொளுத்துவதற்கு முன்னால் அவளைத் தூரமாக நிற்க வைத்திருந்தாள்.

"நீ எதுக்குலே வந்த, வேலையக் கெடுத்துக்கிட்டு? சாப்பிட்டியா?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"என் நேரம். கையத் தள்ளி வச்சுக் கொளுத்திருக்கணும். இத்தன வருசம் பட்டாசுக்குள்ளயே கெடந்துட்டு, சின்னப்புள்ள மாதிரி..." என்று தன்னையே வைதுகொண்டாள். பக்கத்துக் கட்டில் அம்மாவிடமும் நர்ஸிடமும் அதையே சொன்னாள். தன் கவனக்குறைவு, தன் நேரம். பெட்டியைப் பற்றியோ என் பதிவைப் பற்றியோ ஒரு வார்த்தை வரவில்லை.

மச்சான் என்னை டீ குடிக்கக் கூட்டிப்போனார். அதிகம் பேசாத மனிதர். பாதி டீ குடித்த பிறகு, குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லாமல், நடந்ததைச் சொன்னார்.

"தம்பி படம் போட்ட பெட்டிதான் வேணும்னு மூணு கடை ஏறி எறங்கி வாங்குனா மாப்ள. கொளுத்துறதுக்கு முன்னாடி எல்லாத்தயும் ஆட்டித்தான் பாத்தா. அந்த ஒன்ன ஆட்டிட்டு, 'ஆடுதுங்க'ன்னா. நான், அப்ப வேணாம், போடு அங்கிட்டுன்னேன். அதக் கையில வச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் நின்னா. அப்பறம் அவளாவே சொல்லுதா, 'எங்க தம்பி பத்தயும் ஆட்டிப் பாத்துட்டு ஒன்னுகூட ஆடலன்னு சொல்லிருக்கான். ஆலைய விட்டு வந்து இத்தன வருசமாச்சு, எனக்குத்தான் கைப்பழக்கம் விட்டுப்போச்சு போல.' இன்னொரு தரம் ஆட்டிப் பாத்துட்டுச் சிரிச்சுக்கிட்டே கொண்டுபோயி வச்சா."

டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நான் ரோட்டோரமாகப் போய் நின்றேன். மச்சான் பின்னாலேயே வந்து என் தோளில் கை வைத்தார். அக்காவுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பியதும் அந்தப் பதிவை அழித்தேன். அதோடு அக்கா போட்ட அந்த ஒற்றை வரியும் போயிற்று. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கேமராவை மேஜைமேல் வைத்தேன். "இத நான் எப்படித் தம்பி திரும்ப வாங்குவேன்?" என்றார். நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பிளாக்கில் நான் எதுவும் எழுதவில்லை. ஏன் எழுதுவதில்லை என்று கேட்டுக் கொஞ்ச நாள் பின்னூட்டங்கள் வந்தன. அக்கா எப்படி இருக்கிறார்கள் என்றும் இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தார்கள்.

அக்கா எப்படி இருந்தாள்? புண் ஆறியது. மூன்று விரல்கள் மடங்கவில்லை. ஓவர்லாக் மெஷினில் துணியைப் பிடித்துத் தள்ள அந்த விரல்கள்தான் வேண்டும். கம்பெனியில் அவளைப் பிசிறு வெட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள். இடது கையில் கத்தரி பிடிக்கப் பழகினாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் போய்விட்டு வருவேன். போகும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று போவேன். அவள் இடது கையால் எனக்குச் சோறு போடுவாள். நான் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். ஒருமுறை, "ஏலே, ஏன்டா இப்ப எழுதுறதே இல்ல? ஞாயித்துக்கெழம போனா அங்கன ஒன்னுமே இல்ல" என்றாள். வேலை அதிகம் என்றேன். அதுவும் பொய்.

அடுத்த ஆடியில் அவள் இருக்கன்குடிக்கு வந்தாள். கை தேறி வந்தால் கை உருவம் போடுவதாக மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தாள். கோயில் வாசலில் தகட்டில் வெட்டிய கண், கை, கால் எல்லாம் விற்பார்கள். ஒரு கை வாங்கிக்கொடுத்தேன். ஐந்து விரலும் நேராக நீட்டியிருந்தது. உண்டியலில் போடும்போது, "ஆத்தா, இந்த மட்டுக்கும் விட்டியே" என்றாள். அதைக் கேட்ட பிறகு என்னால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து ஆற்று மணலில் உட்கார்ந்தோம். அவள் மகள் கொஞ்சம் தள்ளி மணலைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்தப் பெட்டில ஆடுச்சு."

"எந்தப் பெட்டி?"

"நான் பாத்த பெட்டி. நீ போன்ல கேட்டப்ப எதுவுமே ஆடலன்னேன்ல. ஆடுச்சு."

அர்ச்சனைத் தேங்காயை உடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"எத்தன?"

"ரெண்டு."

"பத்துக்கா?"

"பத்துக்கு."

கேமராவைப் பற்றிச் சொன்னேன். மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். வரியைத் தட்டிவிட்டு அழித்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, அவள் என்னை அறைந்துவிட மாட்டாளா என்று இருந்தது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. மடியில் கிடந்த வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் அந்த மூன்று விரல்களையும் மெல்லத் தடவிக்கொடுத்தாள்.

"அப்ப என் கை சரியாத்தான்டா சொல்லிருக்கு" என்றாள்.

அவ்வளவுதான். கோபப்படவில்லை, அழவில்லை. தேங்காயைக் கீறி மகளுக்கு ஒரு சில்லும் எனக்கு ஒரு சில்லும் கொடுத்தாள். பஸ் ஏற்றிவிடும்போது, மச்சானிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

அந்த வருடத் தீபாவளிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு சாத்தூருக்கு வந்தாள். பிள்ளை பூச்சட்டி வேண்டும் என்று அழுதது. நான் கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கினேன். வேறு கம்பெனி. வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கடை வாசலிலேயே நின்று பெட்டியைப் பிரித்து ஆட்டிப் பார்த்தேன். கடைக்காரர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இரண்டு முறை, மூன்று முறை ஆட்டினேன். ஒன்றுகூட ஆடவில்லை.

பெட்டியைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்தேன். வாசலில் தண்ணீர் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். இடது கையால் ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினாள். கீழே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"அக்கா, நான் எல்லாத்தயும் ஆட்டிப் பாத்துட்டுத்தான் கொண்டுவந்தேன்" என்றேன்.

"சரிடா" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு குறையும் இல்லை.

பிறகு அடுத்ததை எடுத்துக் காதில் வைத்தாள். பத்தையும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் மகளைக் கூப்பிட்டாள்.